எந்தப் பதிப்பு, யாருடைய குரல்: தமிழில் நூலும் ஒலிநூலும் பரிந்துரைக்கும்போது

“ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டால், தமிழ் வாசகர் குழுக்களில் ஐந்து நிமிடத்துக்குள் இருபது தலைப்புகள் வந்து விழும். கேட்டவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடையிலோ செயலியிலோ தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதே தலைப்பில் நான்கு பதிப்பகங்கள், மூன்று விலைகள், ஒரு சுருக்கப் பதிப்பு, இரண்டு ஒலிவடிவங்கள். எதை எடுப்பது என்று பரிந்துரைத்தவர் சொல்லவில்லை. கைக்குக் கிடைத்ததை வாங்குகிறார். அது பிழை மலிந்த பதிப்பாக அமைந்துவிட்டால், ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டு “இந்த எழுத்தாளர் எனக்கு ஒத்துவரவில்லை” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒரு நல்ல எழுத்தாளர் ஒரு வாசகரை இப்படித்தான் இழக்கிறார்.

தமிழில் இந்தக் குழப்பம் அதிகமாக இருப்பதற்குச் சட்டம் சார்ந்த காரணம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அதற்கு முன்பே பலருடைய படைப்புகளைத் தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. நாட்டுடைமையான நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். மலிவாகவும் பரவலாகவும் கிடைப்பது வாசகருக்குப் பெரிய லாபம். ஆனால் எந்த மூலத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்ற விவரமே இல்லாத பதிப்புகளும் அதே அலமாரியில்தான் நிற்கும்.

‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் வரைந்த ஓவியங்களுடன் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள்: புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. இந்த எண் தெரிந்திருந்தால் போதும், கடையில் நின்றபடியே ஒரு பதிப்பைச் சோதித்துவிடலாம். பொருளடக்கத்தைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் அது சுருக்கம், அல்லது எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எண் சரியாக இருந்தால் அடுத்து எழுத்தின் அளவு. ஐந்து பாகங்களையும் ஒரே கட்டில் அடக்கிய பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், தாள் மெல்லியதாக இருக்கும், படுத்துக்கொண்டு படிக்கக் கனக்கும். அறுபது வயதைத் தாண்டியவருக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்றால் ஐந்து தனித்தனிப் புத்தகங்களாக உள்ளதையே சொல்லுங்கள். மணியத்தின் ஓவியங்கள் சேர்ந்த பதிப்பா என்பதையும் ஒரு வார்த்தை குறிப்பிடலாம். தொடராகப் படித்த தலைமுறைக்கு அந்தப் படங்களும் கதையில் சேர்த்தி.

ஒலிவடிவத்துக்கும் இதே எண்தான் அளவுகோல். ஓர் அத்தியாயத்துக்குக் கால் மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 293 அத்தியாயங்களுக்கு 73 மணி நேரம் ஆகும். ‘முழு நாவல்’ என்று போட்டு 12 மணி நேரத்தில் முடிகிறதென்றால் அது நாவல் அல்ல, கதைச்சுருக்கம். தினமும் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு முழு வாசிப்பு இரண்டரை மாத வேலை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சேமிப்பிடமும் முக்கியம். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலி சுமார் 29 எம்பி பிடிக்கும். 73 மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். 128-இல் பதிவாகியிருந்தால் அது இரட்டிப்பாகும். பழைய போனில் மொத்தமாக இறக்கிவிட்டுத் திண்டாடுவதைவிடப் பாகம் பாகமாக இறக்கச் சொல்வது நல்லது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. நூல் நாட்டுடைமை ஆனாலும், அதை ஒருவர் வாசித்துச் செய்த பதிவு நாட்டுடைமை ஆகாது. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு; அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. மூல ஆசிரியரின் உரிமைக்காலம் முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும். சந்தாச் செயலியிலிருந்து உருவியெடுத்த கோப்பை டெலிகிராமில் பகிர்வது, மூலநூல் எவ்வளவு பழையதாக இருந்தாலும், வாசித்தவரின் உழைப்பைத் திருடுவதுதான். தமிழில் ஒலிநூல் செய்பவர்கள் இன்னும் காலூன்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நேராக அவர்கள் வயிற்றில் அடிக்கிறது. பகிர வேண்டுமானால் சுட்டியைப் பகிருங்கள்.

கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்று, பரிந்துரைக்கும் எவருக்கும் நேரடியாகப் பொருந்தும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இந்த விதிகளின்படி பார்த்தால், கேள்வி கேட்டவரை விசாரிக்காமல் தலைப்பை அடுக்குவது தொழில் முறையாகவே தவறு. நூலகத்தின் உசாத்துணை மேசையில் இருப்பவர் முதலில் செய்வது விசாரிப்பதுதான்.

மூன்று கேள்விகள் போதும். கடைசியாக விரும்பி முடித்த இரண்டு புத்தகங்கள் எவை? பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்? எங்கே, எப்போது படிப்பீர்கள் அல்லது கேட்பீர்கள்? மூன்றில் இரண்டாவது கேள்விதான் அதிகம் சொல்லும். “வர்ணனை வந்தால் தூக்கம் வருகிறது” என்பவருக்கும் “பாத்திரங்களின் பெயர் குழம்புகிறது” என்பவருக்கும் கொடுக்க வேண்டியது ஒன்றல்ல. பெயர் குழம்புகிறவரை ஆறு தலைமுறைக் குடும்பக் கதைக்குள் தள்ளக் கூடாது, அதிலும் ஒலிவடிவத்தில். அச்சில் முன்பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காதில் கேட்கும்போது அந்த வசதி கிடையாது.

பிரித்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, நூலில் வரும் துயரத்தின் தன்மை. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ தமிழின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. நோயில் கிடக்கும் மனைவி, அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் கணவன், அவளுடைய சாவு. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இரவில் கண்விழிப்பவருக்கு, எதைப் பற்றிய கதை என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் அதை அனுப்பக் கூடாது. முடிவை வெளியிட வேண்டியதில்லை, சூழலைச் சொன்னால் போதும். அவரே முடிவெடுத்துக்கொள்வார்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் “இவருடைய கதைகளைப் படியுங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. நூறு கதைகள் உள்ள தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர் பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் தொடக்க கால முயற்சிகளில் மாட்டிக்கொள்வார். எந்தக் கதையில் தொடங்குவது, அடுத்து எது என்று மூன்று பெயராவது கொடுங்கள். ஒரு முழுமையான பரிந்துரை எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“புதுமைப்பித்தன் கதைகள், பதிப்பாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, காலச்சுவடு வெளியீடு. கதைகள் காலவரிசையில் இருக்கும், ஆனால் அந்த வரிசையில் படிக்காதீர்கள். முதலில் ‘பொன்னகரம்’. சில நிமிடங்களில் முடிந்துவிடும், அவருடைய கோபம் எப்படிப்பட்டது என்று தெரியும். அடுத்து ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. நீளமான கதை, சென்னையில் பிராட்வே முனையில் தொடங்கும், வாய்விட்டுச் சிரிக்கலாம். இரண்டும் பிடித்திருந்தால் ‘செல்லம்மாள்’. அது நோயும் மரணமும் பற்றியது, மனம் தெளிவாக உள்ள நாளில் படியுங்கள். பதிப்பாசிரியரின் முன்னுரை விரிவானது, கதைகளைப் படித்த பிறகு திரும்பி வாருங்கள்.”

முன்னுரை பற்றிய அந்தக் கடைசி வரி தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றுக்கும் தேவைப்படும். நம்மிடம் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை என்று அடுக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று கதையின் முடிவைப் போட்டு உடைத்துவிடும். அச்சில் தாண்டிப் போய்விடலாம். ஒலிநூலில் முதல் கோப்பே அரை மணி நேர அணிந்துரையாக இருந்தால் புதியவர் அங்கேயே நிறுத்திவிடுவார். “இரண்டாவது கோப்பிலிருந்து கேளுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

மொழிபெயர்ப்பு நூலைப் பரிந்துரைக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் பெயர் கட்டாயம். மராத்தி எழுத்தாளர் வி.ஸ. காண்டேகரைத் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயராக்கியவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒரே மூலத்துக்கு வேறு வேறு மொழிபெயர்ப்புகள் இருக்கலாம். நேரடியாக வந்தது, ஆங்கிலம் வழியாக வந்தது, சுருக்கி எழுதப்பட்டது எல்லாம் ஒரே தலைப்பில் விற்கும். பெயர் சொல்லாவிட்டால் நீங்கள் படித்து வியந்த நூலும் உங்கள் நண்பர் படித்து நொந்த நூலும் ஒன்றே என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

குரலைப் பரிந்துரைப்பது

ஒலிநூலில் வாசிப்பவர்தான் பாதி நூல். தமிழில் இது மற்ற மொழிகளைவிடக் கூடுதலாக உண்மை என்பேன். நம் வாக்கிய அமைப்பே அதற்குக் காரணம். தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. காலம், யார் செய்தது, ஆமா இல்லையா என்ற மூன்றும் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்ற மூன்றுக்கும் வேறுபாடு ஒரு மெய்யெழுத்து. “தம்பி சொன்னதை அவள் நம்ப” என்பது வரைக்கும் கேட்டால் ஒன்றும் முடிவாகாது. ‘இனாள்’ வருகிறதா ‘வில்லை’ வருகிறதா என்பதில்தான் கதை திரும்புகிறது. வாசிப்பவர் பலருக்கு வாக்கிய முடிவில் மூச்சு குறைந்து குரல் தணியும் பழக்கம் உண்டு. அந்தத் தணிந்த இடத்தில்தான் பொருள் இருக்கிறது. பேருந்து இரைச்சலில், மலிவான இயர்போனில், அந்த ஈற்றெழுத்து காதுக்கு வராது. கேட்பவர் “கவனம் சிதறுகிறது” என்று தன்மேல் பழி போட்டுக்கொள்வார்.

எனவே ஒரு பதிவைப் பிறருக்குச் சொல்லும் முன் அதை இப்படிச் சோதிக்கலாம். முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை எல்லோரும் கவனமாகத்தான் பதிவு செய்வார்கள். நடுவிலிருந்து உரையாடல் நிறைந்த ஓர் அத்தியாயத்தை எடுத்து ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒருமுறை அமைதியான அறையில், ஒருமுறை தெருவில் நடந்துகொண்டு. தெருவில் வினைமுற்றுகள் தெளிவாக விழுந்தால் பயணத்தில் கேட்பவருக்கு அதைச் சொல்லலாம். ழ, ள, ல மூன்றும் பிரிகின்றனவா, ற-வும் ர-வும் குழைகின்றனவா என்று கவனியுங்கள். பின்னணி இசை பேச்சின் மேல் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். காட்சிக்குக் காட்சி வயலினும் மழைச் சத்தமும் போட்ட பதிவு பத்து நிமிடம் ரசிக்கும், பத்து மணி நேரம் தாங்காது. கடைசியாக, முடிவு அத்தியாயத்தின் இறுதி இரண்டு நிமிடம். பாதியில் அறுந்துபோன பதிவுகள் நிறையவே உண்டு, அதை அங்கே மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

வேகம் பற்றியும் ஒரு குறிப்பு. நிதானமான தமிழ் வாசிப்பை நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். நம் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீளமானவை என்பதால் ஆங்கில ஒலிநூல்களின் சொல்வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. டெமி என்ற வழக்கமான நாவல் அளவுப் பக்கத்தில் ஏறத்தாழ 200 சொல் இருக்கும். ஆக 300 பக்க நாவல் பத்து மணி நேரம். விற்கப்படும் பதிவு நான்கு மணி நேரம்தான் என்றால் எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது. ஆங்கில ஒலிநூல்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகியவர்கள் தமிழையும் அப்படியே ஓட்டுவார்கள், மேலே சொன்ன ஈற்றெழுத்துகள் அப்போது முதலில் காணாமல் போகும். 1.1, 1.2 வரை பெரும்பாலான குரல்கள் தாங்கும்.

வட்டார வழக்கு இன்னும் நுட்பமான விஷயம். கரிசல் காட்டு நாவல், நாஞ்சில் நாட்டுக் கதை, கொங்குப் பேச்சு, சென்னைப் பேச்சு, யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ் எல்லாவற்றையும் ஒரே வானொலிச் செய்தித் தொனியில் வாசித்துவிடும் பதிவுகள் இருக்கின்றன. எழுத்தில் ‘நான் போறன்’ என்று இருப்பதை ‘நான் போறேன்’ என்று வாசித்தால் யாழ்ப்பாணத்துப் பாத்திரம் அந்தக் கணமே ஊர் மாறிவிடுகிறது. ‘வந்துட்டாக’ என்பதை ‘வந்துட்டாங்க’ ஆக்குவதும் அப்படித்தான். வாசிப்பவர் அந்த ஊர்க்காரராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. எழுதியிருப்பதை மாற்றாமல் வாசிக்கிறாரா என்பதே கேள்வி. மறுபக்கமும் உண்டு: கண்ணால் படிக்கும்போது தடுக்கி விழவைக்கும் வழக்குத் தமிழ், தெரிந்த குரலில் கேட்கும்போது சட்டென்று விளங்கிவிடும். வட்டார நாவல் கடினம் என்று ஒதுங்குபவருக்கு நல்ல ஒலிவடிவத்தைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். முதல் மூன்று அத்தியாயங்களைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு புத்தகமே போதும் என்று ஆகிவிடும்.

வடிவத்தின் பெயரையும் சரியாகச் சொல்லுங்கள். ஒலிநூல் என்ற பெயரில் நான்கு வேறு பொருள்கள் புழங்குகின்றன: எழுத்துக்கு எழுத்து முழு வாசிப்பு, பலர் நடித்த ஒலிநாடகம், இருபது நிமிடக் கதைச்சுருக்கம், ஒருவர் தன் சொற்களில் சொல்லும் கதை. பவா செல்லதுரை மேடையில் கதை சொல்வதைப் போன்றது கடைசி வகை. அது தனக்கே உரிய கலை, அதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் ஏராளம். ஆனால் அதைக் கேட்டவர் அந்த எழுத்தாளரின் நடையைக் கேட்கவில்லை. நடைக்காகவே படிக்க வேண்டிய ஒரு நாவலுக்குச் சுருக்கத்தின் சுட்டியை அனுப்பினால் நண்பருக்குப் போய்ச் சேர்வது கதைச் சம்பவங்கள் மட்டும்தான்.

கருவி வாசிக்கும் நூல்கள்

மனிதக் குரலில் கிடைக்காதபோது போனையே வாசிக்கச் சொல்லலாம். கட்டுரை, வரலாறு, தன்வரலாறு போன்றவற்றுக்கு இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் எந்தக் கோப்பைக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த யூனிகோடு பனுவல்களைத் தருகிறது, கருவி அவற்றைச் சிக்கலின்றி வாசிக்கும். விக்கிமூலத்தில் மெய்ப்பு முடிந்த நூல்களும் அப்படியே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேகரித்துவரும் நூலகம் தளத்திலும் இருப்பவை பெரும்பாலும் பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப்கள். கண்ணால் படிக்கப் பெரும் பொக்கிஷம். வாசிப்புக் கருவிக்கோ அது வெறும் படம்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் இன்று தமிழுக்கு ஓரளவு தேறிவிட்டது என்றாலும், ர-வும் காலும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் இடம் மாறிப் பிடிக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ யானைத் துதிக்கை போன்ற சுழி வைத்த பழைய வடிவில் இருக்கும், அங்கே பிழை இன்னும் கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கருவி வாசித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். அனுப்பும் முன் சோதிக்க ஒரே வழி: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் கருவி வாசிக்கும்.

நல்ல பனுவலிலும் கருவிக்குக் கண்டம் உண்டு. க, ப போன்ற வல்லின எழுத்துகளை எங்கே அழுத்தி, எங்கே மெலிதாக ஒலிப்பது என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. பாண்டியனையும் பாரதியையும் ஒரே ப-வில் எழுதுகிறோம், மனிதருக்கு வேறுபாடு பழக்கத்தில் தெரியும், கருவி தடுமாறும். கண்ணன், கணேசன் என்ற பெயர்களிலும் இதே கதை. பெயர்களும் வடசொற்களும் மிகுந்த புராண நாவல்களைக் கருவிக் குரலுக்குப் பரிந்துரைக்காதீர்கள். கவிதைக்கு அது ஒத்தே வராது.

பார்வைக் குறைபாடு உள்ளவர் கேட்டால் பரிந்துரை வேறு திசையில் போக வேண்டும். அச்சு நூல்களை வாசிக்க இயலாதவர்களுக்கு அணுகத்தக்க வடிவம் செய்துகொள்ள 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது, உரிமை நடப்பில் உள்ள நூல்களுக்கும் சேர்த்தே. அச்சு வாசிக்க இயலாதவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும், 2013-இல் நிறைவேறிய மராகேஷ் பன்னாட்டு உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் மாற்றுத்திறன் சான்றைக் காட்டி உறுப்பினராகலாம். அங்கே கிடைக்கும் டெய்சி என்ற ஒலிநூல் வடிவத்தில் அத்தியாயம், பக்கம் என்று தாவிச் செல்லலாம். சாதாரண எம்பி3 கோப்பில் விட்ட இடத்தைத் தேடி அலையும் சிரமம் இருக்காது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெயில் பிரிவு இருக்கிறது.

கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

அச்சில் இல்லாத நூலைப் புகழ்ந்து தள்ளுவது கேட்பவருக்கு வேதனைதான். முதல் அச்சு 1,000 பிரதி என்பது தமிழ்ப் பதிப்புலகில் நெடுநாள் வழக்கம். இன்று நூறு, இருநூறு பிரதிகளாகத் தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள். எனவே ‘இருப்பு இல்லை’ என்பது நிரந்தரப் பதில் ஆகாது. பதிப்பகத்துக்கே போன் செய்தால் பல சமயம் அடுத்த அச்சு எப்போது என்று சொல்லிவிடுவார்கள். 1977 முதல் பபாசி என்ற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால், மறுஅச்சுகள் பல டிசம்பர், ஜனவரியில் வெளிவரும். அக்டோபரில் கிடைக்காத நூலுக்கு ஜனவரி வரை காத்திருக்கச் சொல்லலாம். அங்கே வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. அவசரம் என்றால் மாவட்ட மைய நூலகம். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைப் பெறும் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று, எனவே அச்சில் இல்லாததைப் பார்க்க முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

தேடும்போது தலைப்பின் எழுத்துக்கூட்டல் பெரிய தடை. இணையக் கடைகளில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக ஏற்றியிருப்பார்கள். ஜானகிராமன் என்ற பெயரையே நான்கு விதமாகக் காணலாம், இனிஷியல் முன்னும் பின்னும் மாறும். பரிந்துரையோடு ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 2007 முதல் இது 13 இலக்கம். இந்திய நூல்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும், பின்னட்டையில் பட்டைக்கோட்டின் மேல் இருக்கும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. அவற்றுக்குப் பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை மூன்றையும் கொடுங்கள். உரிமைப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். ‘மறுஅச்சு’ என்றிருந்தால் உள்ளே மாற்றம் இல்லை, ‘திருத்திய பதிப்பு’ என்றிருந்தால் பக்க எண் ஒத்துப்போகாது. சேர்ந்து படிக்கும் குழுவில் இந்த வேறுபாடு முதல் வாரமே தகராறு செய்யும்.

குழுவாகப் பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒரு பொதுத்தாளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு அல்லது வாசித்தவர், நீளம், எங்கே கிடைக்கும், யாருக்கு ஏற்றது, யார் பரிந்துரைத்தார் என்ற ஏழு பத்திகள் போட்டால் போதும். நட்சத்திர மதிப்பெண்ணைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நான்கு, ஐந்து என்றே விழும், வாசகருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக ‘பாதியில் விட்டவர்கள்’ என்று ஒரு பத்தி சேருங்கள். எந்தப் பக்கத்தில், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் 80-ஆம் பக்கத்தில் விட்டிருந்து, நான்காமவர் “90-க்குப் பிறகு வேகம் பிடிக்கும்” என்று பக்கத்தில் எழுதிவைத்தால், ஐந்தாமவர் அந்த நூலை முடிப்பார்.

ஒரே எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப வருவது எல்லாக் குழுவிலும் உள்ள நோய். அதைத் திட்டித் தீர்க்க முடியாது. மாதத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தால் தீரும்: இந்த மாதம் ஈழத்து நூல்கள் மட்டும், அடுத்த மாதம் பெண்களின் தன்வரலாறு, அதற்கடுத்து 150 பக்கத்துக்கு உட்பட்டவை. நிபந்தனை வந்ததும், இதுவரை பேசாமலிருந்தவர்களின் அலமாரியிலிருந்து நூல்கள் வெளியே வரும்.

உரிமைச் சிக்கல் இல்லாத ஒலிக்கோப்புகளைப் பகிர்பவர்களுக்கு: வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் கோப்பின் பெயர் போய், தேதியும் எண்ணுமாக மாறிவிடும், அத்தியாய வரிசை குலையும். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் பெயர் நிலைக்கும். பெயரை 1, 2 என்று தொடங்காமல் 001, 002 என்று தொடங்குங்கள், இல்லையென்றால் சில போன்களில் 1-க்கு அடுத்து 10 ஒலிக்கும். சந்தாச் செயலிகளில் உள்ள தலைப்புகள் உரிமம் முடிந்ததும் எடுக்கப்பட்டுவிடுவதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பட்டியலில் உள்ள சுட்டிகளைத் திறந்து பார்த்து, போனவற்றுக்கு எதிரே எந்தத் தேதியில் போனது என்று குறித்துவிடுங்கள். வரியை அழிக்க வேண்டாம். வேறொரு செயலியில் அதே பதிவு திரும்ப வரும்போது வாசித்தவரின் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கலாம்.